முதல் காதல் திரும்பி வரும் கதை: ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆங்கில நாவல் ஒன்றைப் படிக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் தயங்காமல் கையில் கொடுப்பது இந்தப் புத்தகத்தைத்தான். கொடுத்த சில நாட்களில் கேள்விகள் வரத் தொடங்கும். ஆள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. எனவே அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் முடிவை மறைக்கவில்லை. இருவரும் சேர்வார்கள் என்பதை யாரும் ஊகித்துவிடலாம். எப்படிச் சேர்கிறார்கள் என்பதில்தான் இந்த நாவலின் சுவை முழுவதும் இருக்கிறது.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் கெல்லிஞ்ச் ஹால் என்று ஒரு மாளிகை. அதன் உரிமையாளர் சர் வால்டர் எலியட், 'பாரனெட்' என்ற பரம்பரைப் பட்டம் உடையவர், மனைவியை இழந்தவர், மூன்று பெண்களின் தந்தை. நடு மகள் ஆன். 1806ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், ஃப்ரெடெரிக் வென்ட்வொர்த் என்ற இளம் கடற்படை அதிகாரியை அவள் விரும்பினாள். திருமணம் செய்துகொள்வதாக இருவரும் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். அவனிடம் சொத்து இல்லை, தூக்கிவிட ஆளும் இல்லை. அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. தாயில்லாத ஆனுக்குத் தாயைப் போல இருந்த லேடி ரஸ்ஸல் என்ற குடும்ப நண்பர் பலவாறு எடுத்துச் சொன்னார். ஆன் வாக்கைத் திரும்பப் பெற்றாள். அவன் கோபத்தோடு ஊரைவிட்டுப் போனான்.

ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து, 1814இல் நாவல் தொடங்குகிறது. கடனில் மூழ்கிய சர் வால்டர் மாளிகையை வாடகைக்கு விட்டுவிட்டு பாத் நகரத்துக்குக் குடிபோகிறார். குடிவருகிறவர் அட்மிரல் கிராஃப்ட். அவருடைய மனைவி வென்ட்வொர்த்தின் அக்கா. அக்காவைப் பார்க்க அவனும் வந்து சேர்கிறான். இப்போது அவன் கேப்டன், கையில் 25,000 பவுண்டு. கல்யாணம் செய்துகொள்ளத் தயாராக இருக்கிறான், ஆன் எலியட்டைத் தவிர யாராக இருந்தாலும் சரி என்கிற மனநிலையில்.

ஆஸ்டின் இறந்த பிறகுதான் இது வெளிவந்ததாமே?

ஆமாம். 1815 ஆகஸ்டில் எழுதத் தொடங்கி 1816 ஆகஸ்டில் முடித்தார். 1817 ஜூலை 18 அன்று வின்செஸ்டரில் இறந்தார், வயது 41. அந்த ஆண்டு டிசம்பரில் ஜான் மர்ரே என்ற பதிப்பாளர், 'நார்த்தாங்கர் அபி' என்ற இன்னொரு நாவலோடு சேர்த்து நான்கு தொகுதிகளாக இதை வெளியிட்டார். தலைப்புப் பக்கத்தில் 1818 என்று இருக்கும். ஆஸ்டின் உயிரோடு இருந்தவரை அவர் பெயர் எந்த நாவலிலும் அச்சாகவில்லை. இந்தத் தொகுதிகளில் அண்ணன் ஹென்றி எழுதிய முன்குறிப்புதான் ஆசிரியர் யார் என்பதை வாசகர்களுக்கு முதலில் அறிவித்தது. அவர் முழுமையாக முடித்த நாவல்களில் கடைசி இது.

முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன். யாரோ ஒரு கிழவரின் வம்சாவளியாக இருக்கிறது. தொடர்ந்து படிக்கலாமா?

நிச்சயம் படியுங்கள். நாவலின் முதல் வாக்கியத்திலேயே சர் வால்டர் பொழுதுபோக்குக்காக ஒரே ஒரு புத்தகத்தைத்தான் கையில் எடுப்பார் என்று வருகிறது. பாரனெட் குடும்பங்களின் பட்டியல் அது. அதில் தன்னைப் பற்றிய பக்கத்தை அவர் திரும்பத் திரும்பப் படிப்பதைத்தான் நீங்கள் வம்சாவளி என்று நினைத்துச் சலித்திருக்கிறீர்கள். அது அவரைப் பற்றிய கேலிச் சித்திரம் என்று தெரிந்துகொண்டு மீண்டும் படித்தால் அந்தப் பக்கங்கள் வேறாகத் தெரியும்.

மொத்தம் 24 அத்தியாயங்கள்தான். நான்காம் அத்தியாயத்தில் பழைய காதல் சொல்லப்படும். ஏழாம் அத்தியாயத்தில் வென்ட்வொர்த் வந்துவிடுவான். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். வாக்கியங்கள் நீளமானவை என்பது உண்மை. அரைப்புள்ளி வரும் இடங்களில் நிறுத்தி நிறுத்தி, வாய்விட்டுப் படித்தால் பொருள் தானே பிரிந்து வரும்.

எத்தனை சார்லஸ்? எத்தனை வால்டர்? குழப்பமாக இருக்கிறது.

ஆனின் தங்கை மேரியின் கணவன் சார்லஸ் மஸ்க்ரோவ். அவர்களுடைய மூத்த பையனும் சார்லஸ். கணவன் சார்லஸின் தாயுடைய சகோதரி மகன் ஒருவன் சார்லஸ் ஹேட்டர். அப்பா சர் வால்டர், மாளிகைக்கு அடுத்த வாரிசான உறவினர் வில்லியம் வால்டர் எலியட், மேரியின் இளைய பையன் குட்டி வால்டர். 'மிஸ் எலியட்' என்று மட்டும் வந்தால் அது மூத்தவள் எலிசபெத். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நகைச்சுவை நாவல் என்று கொடுத்தீர்கள். கதாநாயகி முதல் பாதி முழுக்க வருந்திக்கொண்டே இருக்கிறாளே?

அவள் வருந்துகிறாள், அவளைச் சுற்றி இருப்பவர்கள் நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள். சர் வால்டருக்குக் கடற்படை பிடிக்காததற்கு இரண்டு காரணங்கள். குலப்பெருமை இல்லாதவர்களைக் கண்டபடி உயர்த்திவிடுகிறது, கடற்காற்றில் முகத்தின் அழகு போய்விடுகிறது. பாத் நகரத்தின் பாண்ட் தெருவில் ஒரு கடையில் நின்றபடி, கடந்துபோன 87 பெண்களை எண்ணி, பார்க்கச் சகிக்கும் முகம் ஒன்றுகூட இல்லை என்று அறிவிக்கிறார். மாளிகைக்குக் குடிவந்த அட்மிரல் கிராஃப்ட், சர் வால்டரின் உடைமாற்றும் அறையில் இருந்த பெரிய நிலைக்கண்ணாடிகள் சிலவற்றை வெளியேற்றிவிட்டு, முகம் மழிக்கும் சிறு கண்ணாடி ஒன்றோடு நிம்மதியாக இருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் தானே தெரிகிறோமே என்று அவருக்குச் சங்கடம். பழைய உரிமையாளரைப் பற்றி அவர் சொல்ல வேண்டியது அதற்குள் முடிந்துவிட்டது.

மேரி இருக்கிறாள். தன்னை யாரும் கவனிக்கவில்லை என்றால் உடனே அவளுக்கு உடம்புக்கு வந்துவிடும். அவளுடைய தொண்டை வலி எப்போதும் மற்றவர்கள் தொண்டை வலியைவிடப் பெரியது. அப்படிப்பட்டவளோடு ஆன் வாரக்கணக்கில் தங்க வேண்டியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் மற்றவரைப் பற்றிய புகாரைத் தனித்தனியாக வந்து ஆனிடம் சொல்வார்கள். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த யாருக்கும் அந்த அத்தியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆனும் சிரிக்கத் தெரிந்தவள்தான். காதலியைப் பறிகொடுத்துக் கவிதையில் மூழ்கிக் கிடக்கும் கேப்டன் பென்விக்கிடம், கொஞ்சம் உரைநடையும் படியுங்கள், மனம் தெளியும் என்று பொறுமையைப் போதிக்கிறாள். பிறகு, தன்னால் கடைப்பிடிக்க முடியாத ஒன்றை ஊருக்கு உபதேசித்தோமே என்று நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். துக்கத்தில் இருப்பவருக்கு நகைச்சுவை உணர்வு மிஞ்சியிருப்பதை இவ்வளவு இயல்பாகக் காட்டிய நாவல்கள் அதிகம் இல்லை.

இருபத்தேழு வயதுப் பெண்ணை ஏதோ வாடிப்போன கிழவி மாதிரி எழுதியிருக்கிறாரே?

அப்படிப் பார்ப்பவர்கள் கதாபாத்திரங்கள். ஆஸ்டின் அந்தப் பார்வையைப் பதிவு செய்கிறார், கடைசியில் அதைக் கவிழ்க்கவும் செய்கிறார். எட்டு ஆண்டுக்குப் பிறகு ஆனைப் பார்த்த வென்ட்வொர்த், அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிட்டாள் என்று சொன்னதாக மேரி வந்து அவளிடமே சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு வாக்கியம் ஆனின் மனதில் தைத்துக்கொள்கிறது.

நாவலின் இறுதியில் அவன் ஒரு செய்தி சொல்கிறான். அண்ணனைப் பார்க்கப் போயிருந்தபோது, ஆன் மாறிவிட்டாளா என்று அண்ணன் விசாரித்தாராம். என் கண்ணுக்கு நீ ஒருநாளும் மாற முடியாது என்பது அவருக்குத் தெரியாதே என்கிறான். ஆனுக்குப் பழைய வாக்கியம் நினைவிருக்கிறது. அவள் புன்னகைத்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். பொய்தான், ஆனால் கடிந்துகொள்ளக் கூடாத அளவுக்கு இனிமையான பொய். இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த அரைப் பக்கம் இது.

ஒன்றுமில்லாதவன் எட்டே ஆண்டில் எப்படி இவ்வளவு பணக்காரன் ஆனான்? சினிமாத்தனமாக இருக்கிறது.

அன்றைய பிரிட்டிஷ் கடற்படையில் இது நடக்கக் கூடியதுதான். பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்தது. எதிரிக் கப்பலைப் பிடித்தால் கப்பலையும் சரக்கையும் விற்று, வந்த பணத்தைப் பிடித்தவர்களுக்கே விதிப்படி பங்கிட்டுக் கொடுப்பார்கள். 1808 வரை இருந்த விதிப்படி எட்டில் மூன்று பங்கு கேப்டனுக்கு. அதிலிருந்து ஒரு பங்கை அவருக்கு மேலே உள்ள அட்மிரலுக்குக் கொடுத்துவிட வேண்டும். மீதி அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் பிரியும். துணிச்சலும் அதிர்ஷ்டமும் இருந்த கேப்டன் சில ஆண்டுகளில் நிலக்கிழாருக்கு இணையான செல்வம் சேர்க்கலாம். அதிர்ஷ்டம் இல்லாதவன் கடலோடு போய்விடலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நாவலே சொல்கிறது. தனக்கு முதலில் கிடைத்த 'ஆஸ்ப்' என்ற கப்பல் ஓட்டை உடைசல் என்று வென்ட்வொர்த் ஒரு விருந்தில் சிரித்துக்கொண்டே சொல்கிறான். ஒரு பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்துக்கொண்டு பிளிமத் துறைக்குள் வந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை, நான்கு நாள் புயல் பிடித்துக்கொண்டது. இருபத்து நான்கு மணி நேரம் தாமதித்திருந்தால் செய்தித்தாளின் மூலையில் என் மரணம் ஒரு சின்னப் பத்தியாக வந்திருக்கும் என்கிறான். விருந்தில் உள்ள பெண்கள் இரக்கமும் திகிலுமாகக் கூவுகிறார்கள். ஆன் யாருக்கும் தெரியாமல் நடுங்குகிறாள். அவன் எந்தக் கப்பலில் போனான் என்பதை அவள் இத்தனை ஆண்டுகள் கடற்படைப் பட்டியலிலும் செய்தித்தாள்களிலும் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தவள்.

ஆஸ்டினின் சகோதரர்கள் இருவர் கடற்படையில் இருந்தார்கள். வென்ட்வொர்த்துக்கு 1806இல் பதவி உயர்வு தந்ததாக நாவல் சொல்லும் சாண்டோ டொமிங்கோ சண்டையில் அண்ணன் பிரான்சிஸ் ஒரு போர்க்கப்பலின் கேப்டனாக நேரில் பங்கெடுத்தவர்.

ஒரே வீட்டில், ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசினால் கதை முடிந்துவிடுமே, ஏன் பேசவில்லை?

முதலாவது, பழைய உறவு அங்கே யாருக்கும் தெரியாது. அது நடந்தபோது மேரி பள்ளியில் இருந்தாள். ஆனின் அப்பாவும் அக்காவும் லேடி ரஸ்ஸலும் வென்ட்வொர்த்தின் அண்ணனும் மட்டுமே அறிந்த ரகசியம். இரண்டாவது, நிச்சயிக்கப்படாத ஆணும் பெண்ணும் தனியாகப் பேசுவதும் கடிதம் எழுதுவதும் அன்று முறையற்ற செயல். மூன்றாவதுதான் பெரிய காரணம். மறுத்தவள் அவள், ஆகவே அவளால் தொடங்க முடியாது. அவமானப்பட்டவன் அவன், ஆகவே அவன் தொடங்க மாட்டான்.

பேச்சு இல்லாத இடத்தை ஆஸ்டின் எப்படி நிரப்புகிறார் என்று பாருங்கள். தோளெலும்பு பிசகிப் படுத்திருக்கும் மேரியின் மூத்த மகன் அருகில் ஆன் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு வயதுக் குட்டி வால்டர் அவள் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறான். அறையில் இருக்கும் சார்லஸ் ஹேட்டர் செய்தித்தாளோடு உட்கார்ந்து வாயால் அதட்டுகிறான், எழுந்து வரவில்லை. திடீரென்று முதுகின் பாரம் நீங்குகிறது. யாரோ குழந்தையின் கைகளைப் பிரித்துத் தூக்கிவிட்டார்கள். அது வென்ட்வொர்த் என்று தெரிந்ததும் அவளால் நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. அவனோ அந்த நன்றியைக் கேட்க விரும்பாமல் குழந்தையோடு வேண்டுமென்றே சத்தமாக விளையாடுகிறான். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அவன் இவளைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது தெரிந்துவிடுகிறது.

அவன் லூயிசாவை உண்மையாகக் காதலித்தானா, சும்மா பழிவாங்கினானா?

இரண்டும் இல்லை. லூயிசா, மேரியின் நாத்தனார், பத்தொன்பது வயது. தான் எடுத்த முடிவை யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன் என்பவள். பிறர் பேச்சைக் கேட்டுத் தன்னைக் கைவிட்டவளின் நினைவில் வெந்துகொண்டிருந்தவனுக்கு அந்தக் குணம் பெரிதாகத் தெரிந்தது. கையில் இருந்த ஒரு கொட்டையைக் காட்டி, இலையுதிர் காலத்துப் புயல்களையெல்லாம் தாங்கி உடையாமல் இருக்கிறது, இதைப் போல உறுதியாக இரு என்று அவளுக்கு உபதேசிக்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் ஆன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்த உறுதிக்கு விலை லைம் ரீஜிஸ் கடற்கரையில் தெரிகிறது. அங்கே 'காப்' என்று ஒரு பழைய கல் அலைதடுப்புச் சுவர் இருக்கிறது, இன்றும் போய் நடக்கலாம். அதன் படியிலிருந்து குதித்து அவன் கையில் இறங்குவதில் லூயிசாவுக்கு ஆனந்தம். வேண்டாம் என்கிறான், இன்னொரு முறை குதிப்பேன் என்கிறாள், அரை நொடி முந்திக் குதித்துக் கல்லில் விழுந்து மயங்குகிறாள். எல்லோரும் உறைந்து நிற்கிறார்கள். தளபதியாக இருந்தவனே சுவரில் சாய்ந்து, உதவ யாருமில்லையா என்று கதறுகிறான். ஆன்தான் யார் தாங்கிப் பிடிப்பது, யார் மருத்துவரை அழைத்து வருவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். பிடிவாதமும் மன உறுதியும் வேறு வேறு என்று அந்தச் சில நிமிடங்களில் அவனுக்குப் புரிகிறது.

அதற்குள் ஊர் அவனை லூயிசாவுக்கு நிச்சயித்துவிட்டது. தன் நடத்தையால் வந்த எதிர்பார்ப்பு, அவள் கேட்டால் மறுக்க முடியாது என்று அவன் கலங்குகிறான். நல்லவேளையாக, குணமாகிக்கொண்டிருக்கும் லூயிசாவுக்கும் கவிதைப் பித்தர் பென்விக்குக்கும் காதல் மலர்கிறது. இந்தச் செய்தியை ஆனுக்குச் சொல்கிறவர் அட்மிரல் கிராஃப்ட். பாத் நகரத்தில் ஓவியக் கடை ஜன்னலில் ஒரு படகுப் படத்தைப் பார்த்து, இந்தப் படகில் குளத்தைக்கூடத் தாண்ட முடியாதே என்று ஓவியர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவள் வந்ததும் லூயிசாவின் பெயரே நினைவுக்கு வராமல் தடுமாறித் தடுமாறிச் சொல்கிறார். ஆனின் வாழ்க்கையைத் திருப்பிப்போடும் செய்தி அவ்வளவு நிதானமாக வருகிறது.

வென்ட்வொர்த் ஆனுக்கு எழுதும் அந்தக் கடிதத்தை எல்லோரும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

அது எழுதப்படும் விதத்துக்காக. வெள்ளை மான் என்று பொருள்படும் ஒயிட் ஹார்ட் விடுதியின் ஓர் அறை. ஆள் கூட்டம். வென்ட்வொர்த் மேசையில் வேறொரு வேலையாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஜன்னலருகே ஆனும் வென்ட்வொர்த்தின் நண்பர் கேப்டன் ஹார்விலும், ஆண்கள் சீக்கிரம் மறப்பார்களா பெண்களா என்று வாதிடுகிறார்கள். எல்லா நூல்களும் பெண்ணின் மனம் நிலையற்றது என்றுதானே சொல்கின்றன என்கிறார் ஹார்வில். நூல்களைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள், பேனா ஆண்களின் கையில் இருந்தது என்கிறாள் ஆன். நம்பிக்கை போன பிறகும் நேசித்துக்கொண்டே இருப்பது ஒன்றுதான் எங்கள் பெருமை என்று முடிக்கிறாள். இடையில் மேசைப் பக்கம் ஒரு சத்தம். வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுந்திருக்கிறது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், கேட்டதற்குப் பதிலை அங்கேயே எழுதிக்கொண்டும் இருக்கிறான். வெளியே போனவன், கையுறையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து, காகிதங்களுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். பேசுவதும் எழுதுவதும் முறையற்றது என்று மேலே சொன்னேன். அந்த முறையை அவன் ஒரு கூட்டத்தின் நடுவே மீறுகிறான்.

இந்தக் காட்சி முதல் வரைவில் இல்லை. முதலில் எழுதியதில் அட்மிரல் ஏதோ விசாரிக்கச் சொல்லி அனுப்ப, இருவரும் அவர் வீட்டில் தனியே சந்தித்துச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆஸ்டினுக்கு மனம் நிறையவில்லை. இறுதிப் பகுதியைத் திருத்தி இன்று நாம் படிப்பதை எழுதினார். விலக்கிய அத்தியாயங்களின் கைப்பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கடிதத்துக்குப் பிறகும் நகைச்சுவை விடுவதில்லை. முகம் வெளிறிய ஆனை வீட்டில் கொண்டுவிடச் சார்லஸ் மஸ்க்ரோவ் கிளம்புகிறான். அவனுக்கோ ஒரு துப்பாக்கியைப் பார்க்கப் போக வேண்டும், நேரமாகிறது. வழியில் வென்ட்வொர்த்தைக் கண்டதும், இவளைக் கொஞ்சம் அழைத்துப் போகிறாயா என்று ஒப்படைத்துவிட்டு ஓடுகிறான்.

படம் பார்த்தால் போதாதா? தமிழில்கூட எடுத்தார்களே?

தமிழில் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆஸ்டினின் வேறொரு நாவலான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தழுவியது. இந்தக் கதைக்கு 1995இல் ரோஜர் மிஷல் இயக்கிய படம் நல்லது. 2022இல் வந்ததில் ஆன் காமிராவைப் பார்த்து நம்மிடமே பேசுகிறாள். யாரிடமும் பேச முடியாதவள் என்பதுதான் அவள் நிலை, எனவே எனக்கு அது ஒட்டவில்லை. எதுவானாலும் புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள்.

நம் பக்கத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. ஆஸ்டினின் அத்தை பிலடெல்ஃபியா 1752இல் கப்பலேறி மதராஸ் வந்தார். மறு ஆண்டு கடலூரில், செயின்ட் டேவிட் கோட்டையில் மருத்துவராக இருந்த ஹான்காக் என்பவரை மணந்தார். ஆஸ்டினின் கடைசித் தம்பி சார்லஸ், கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாக இருந்து 1852இல் பர்மாவில் இறந்தார். அவர் கல்லறை திருகோணமலையில் இருக்கிறது. அட்மிரலின் மனைவி அட்லாண்டிக்கை நான்கு முறை கடந்ததையும் கிழக்கிந்தியப் பகுதிக்கு ஒருமுறை போய்வந்ததையும் பேச்சுவாக்கில் சொல்லும்போது, அப்படிப் பேசுகிறவர்களைக் கேட்டு வளர்ந்த ஒருவர்தான் எழுதுகிறார்.

மகனை இழந்த தாயைக் கேலி செய்கிறாரே, அது கொடூரம் இல்லையா?

மேரியின் மாமியார் திருமதி மஸ்க்ரோவ் பற்றிய பகுதி அது. உருப்படாத பிள்ளை என்று கடலுக்கு அனுப்பப்பட்ட டிக் இறந்து போனான். வென்ட்வொர்த் அவனுடைய கேப்டனாக இருந்தவன் என்று தெரிந்ததும் தாய்க்குத் துக்கம் பொங்குகிறது. அவருடைய பருத்த உடலையும் பெருமூச்சையும் ஆஸ்டின் கிண்டல் செய்கிறார். நான் இதற்காக வாதாட மாட்டேன். எத்தனை முறை படித்தாலும் அந்தப் பத்தி உறுத்துகிறது. ஆனால் அதே காட்சியில் வென்ட்வொர்த் எழுந்துபோய் அந்தத் தாயின் அருகில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், அவர் துக்கத்துக்கு மதிப்புக் கொடுத்துப் பேசுகிறான். நாவலாசிரியரைவிடக் கதாபாத்திரம் கனிவாக நடந்துகொள்ளும் அபூர்வமான இடம்.

லேடி ரஸ்ஸல்தானே எல்லாவற்றுக்கும் காரணம்? கடைசியில் அவரை ஏன் மன்னிக்கிறார்கள்?

அவர் சொன்னதை ஒரு தாயின் இடத்திலிருந்து பாருங்கள். பத்தொன்பது வயதுப் பெண், சில மாதப் பழக்கம், போருக்குப் போகிற வேலை, கையில் காசில்லை. மேலே சொன்ன 'ஆஸ்ப்' கப்பல் ஒரு நாள் தாமதித்திருந்தால் லேடி ரஸ்ஸல் சொன்னதுதான் சரி என்று ஊரே சொல்லியிருக்கும். அவர் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அவருடைய குறை வேறு. பட்டத்துக்கும் நடைநயத்துக்கும் மயங்குகிறவர். அதனால்தான் பின்னால் வாரிசு வில்லியம் எலியட்டின் இனிய பேச்சில் ஏமாந்து, அவனை ஆனுக்குப் பொருத்தமானவன் என்று நம்புகிறார். இரண்டு ஆண்களிலும் தன் கணிப்பு தவறிவிட்டது என்று ஒத்துக்கொண்டு புதிதாகத் தொடங்க முன்வருகிறார். அந்த வயதில் அதைச் செய்கிறவர்கள் குறைவு.

கடைசியில் ஆன், "கீழ்ப்படிந்தது சரிதான்" என்கிறாளே? இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவள் என்ன சொல்கிறாள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த அறிவுரை சரி என்று அவள் சொல்லவில்லை. அதே நிலையில் இன்னொரு பெண் இருந்தால் தான் அப்படி அறிவுரை சொல்ல மாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்கிறாள். தாயின் இடத்தில் இருந்தவரின் பேச்சை மீறியிருந்தால், சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் மனச்சாட்சி உறுத்தியிருக்கும் என்பதுதான் அவள் வாதம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அன்று அவள் பணிந்தது பயத்தால் மட்டும் அல்ல. தன்னைக் கட்டிக்கொண்டால் அவன் முன்னேற்றம் கெடும், விட்டுக்கொடுப்பது அவன் நன்மைக்கு என்று நம்பினாள்.

நம் வீடுகளில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு ஒருவரை விட்டுக்கொடுத்தவர்கள் இந்தப் பத்தியில் வேகமாக நகர முடியாது. இருதரப்பிலும் எனக்குக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆன் சொல்வதை நான் நம்புகிறேன். அவள் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை, எட்டு ஆண்டு யோசித்ததைச் சொல்கிறாள்.

அப்படியானால் அந்த எட்டு ஆண்டுகள் யார் தவறு?

இந்தக் கேள்விக்காகவே இந்த நாவலைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகளை ஆன் மீதும் லேடி ரஸ்ஸல் மீதும் எழுதலாம். மீதி ஆறு ஆண்டுகள்? 1808இல் சில ஆயிரம் பவுண்டோடு இங்கிலாந்து திரும்பி, 'லகோனியா' என்ற நல்ல கப்பலுக்குக் கேப்டன் ஆனேன், அப்போது எழுதியிருந்தால் பதில் போட்டிருப்பாயா என்று கடைசியில் வென்ட்வொர்த் கேட்கிறான். போட்டிருக்க மாட்டேனா என்கிற தொனியில் இரண்டே சொல்லில் பதில் வருகிறது. அவன் இடிந்துபோகிறான். எழுத வேண்டும் என்று நினைத்தேன், என் கர்வம் விடவில்லை, லேடி ரஸ்ஸலைவிட எனக்குப் பெரிய எதிரி நான்தான் என்று அவன் வாயாலேயே சொல்கிறான். உழைத்தால் பலன் கிடைக்கும் என்றே இதுவரை பழகியவன், தகுதிக்கு மேல் கிடைத்த மகிழ்ச்சியை ஏற்றுக்கொள்ளக் கற்க வேண்டும் என்கிறான்.

பிரிவுக்குக் காரணம் பெரியவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. தடை நீங்கிய பிறகும் எழுதாமல் விட்ட கடிதம் யாருடையது என்று ஆஸ்டின் கேட்க வைக்கிறார். அதனால்தான் கடைசிக் கடிதத்தை எழுத வேண்டியவன் அவனாக இருக்கிறான்.

சேர்ந்த பிறகு நன்றாக வாழ்ந்தார்களா?

அன்பில் குறை இல்லை என்று நாவல் உறுதியாகச் சொல்கிறது. ஆனின் மகிழ்ச்சிக்கு மேல் விழும் ஒரே நிழல், மீண்டும் போர் வந்துவிடுமோ என்ற பயம். இங்கே ஆண்டைக் கவனியுங்கள். 1814 ஏப்ரலில் நெப்போலியன் பதவி இறங்கியதால்தான் கப்பற்படைக்காரர்கள் கரைக்கு வந்தார்கள், கதையே தொடங்கியது. கதை முடிவது 1815 தொடக்கத்தில். அந்த மார்ச்சில் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பிப் பிரான்சில் மீண்டும் இறங்கினார், ஜூனில் வாட்டர்லூ போர் நடந்தது. 1818இல் இந்த நூலைக் கையில் எடுத்த வாசகர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஆனுக்குத் தெரியாது.